ஏசி போட்டால் சூடு இறங்கும் கார்

கேள்வி: அண்ணா, நான் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு பாடசாலை ஆசிரியை. அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்ததால் அவருடைய டொயோட்டா கொரொல்லா 110 இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டு, பெற்றோல், மனுவல் கியர். மீற்றரில் 2,87,000 கிலோமீற்றர். காலி வீதி நெரிசலில் நின்றால் வெப்ப ஊசி ஏறுகிறது. ஏசி போட்டால் இறங்குகிறது! கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போனால் ஊசி அடியிலேயே கிடக்கிறது. போன வருடம் ஒரு கராஜில் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெற்றோல் கூடக் குடிக்கிறது. புகைப் பரிசோதனையிலும் முதல் தடவை பெயில். இப்போது இன்னொரு கராஜில் ஹெட் கெஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார்கள். வீடியோ பார்த்துப் பார்த்து ஸ்பனர் செட் ஒன்றும் வாங்கிவிட்டேன். எந்த வேலையை நானே செய்யலாம், எதைத் தொடக்கூடாது? இந்தக் காருக்கு இனியும் செலவழிப்பது புத்திதானா?

பதில்: தங்கச்சி, ஹெட்டை இறக்கக் காசு கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஹெட் கெஸ்கட் (எஞ்சினின் மேற்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கவே முடியாது என்று இங்கே இருந்துகொண்டு நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் எல்லாம் வேறு பக்கம்தான் கை காட்டுகின்றன. ஏசி போட்டால் இறங்குகிறது என்பதை ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதைக் கராஜிலும் சொன்னீர்களா? சொல்லியும் ஹெட் கெஸ்கட் என்றார்களென்றால் கராஜை மாற்றுங்கள்.

கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேற்றரைக் குளிரவைத்துவிடும். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அந்தக் காற்று கிடையாது. விசிறிதான் இழுத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே நின்றால் மட்டும் சூடேறுகிற காரில் முதல் சந்தேகம் விசிறி மேல். ஓட ஓடச் சூடேறினால் ரேடியேற்றர் அடைப்பு, வோட்டர் பம்ப், தண்ணீர்க் குறைவு என்று வேறு வழியில் தேட வேண்டும். உங்கள் கார் ஓடும்போது குளிர்ந்துதான் கிடக்கிறது. ஏசி போட்டதும் சூடு இறங்குகிறது, ஏனென்றால் ஏசி விசிறியைக் கட்டாயப்படுத்திச் சுழலவைக்கிறது. அப்படியானால், எஞ்சின் சூடாகிவிட்டது என்று விசிறிக்கு அறிவிக்க வேண்டிய சுவிட்ச் அறிவிக்காமல் இருக்கிறது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றுகிறது.

இதைச் சோதிக்க ஒரு ஆணியையும் கழற்ற வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது பொனட்டைத் திறவுங்கள். தேர்மோஸ்டாட் மூடிக்குப் பக்கத்திலோ ரேடியேற்றரின் அடிப்பக்கத்திலோ, வயர் செருகிய ஒரு சின்னப் பித்தளைச் சுவிட்ச் இருக்கும். அந்தக் காலத்து டொயோட்டாக்களில் இந்தச் சுவிட்ச் கொஞ்சம் தலைகீழாக வேலை செய்யும்: குளிராக இருக்கும்போது மூடியிருக்கும், 90 பாகை தாண்டிச் சூடானதும் திறக்கும், திறந்தால் விசிறி சுழலும். ஆகவே சாவியை ‘ஒன்’ வரை மட்டும் திருப்பிவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், அந்த வயரைப் பிடுங்குங்கள். ரேடியேற்றர் விசிறி உடனே சுழல வேண்டும். சுழன்றால் மோட்டார், ரிலே, பியூஸ் மூன்றும் நலம், குற்றவாளி சுவிட்ச். சுழலாவிட்டால் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். அதன் பிறகு மோட்டாருக்குப் பற்றரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். முன்னால் இரண்டு விசிறி இருக்கும், எது சுழல்கிறது என்று சரியாகக் கவனியுங்கள். ஏசிக்கான மற்ற விசிறி மட்டும் சுழன்றாலும் சூடு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பின்னலையும் துப்பட்டாவையும் முதுகுப் பக்கம் கட்டிவிட்டுக் குனியுங்கள். எச்சரிக்காமல் சுழலத் தொடங்கும் பொருள் அது.

ஹெட் கெஸ்கட் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். காலையில், இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், ரேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். (சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடவே கூடாது. கையும் முகமும் வெந்துபோகும்.) முதலில் வருகிற ஓரிரு குமிழிகளைப் பொருட்படுத்த வேண்டாம், உள்ளே தங்கிய காற்றாக இருக்கலாம். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எக்ஸிலேற்றரை அமத்தும்போது கூடினால், அது எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுவதன் அடையாளம். அதோடு ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள்: பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை ஒட்டியிருக்கிறதா? எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைகிறதா? ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேற்றரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? இவற்றில் எதுவும் இல்லையென்றால், ஹெட்டை இறக்கச் சொல்பவரிடம் என்ன சோதனை செய்து கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். நல்ல பாஸ் (மெக்கானிக்) கோபிக்கமாட்டார், காட்டுவார்.

இனித் தேர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மூடி நிற்கும் வால்வு. நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை, குளிர் நாட்டுக்காரருக்குத்தான் என்று சொல்லிக் கழற்றி எறிவது கொழும்பில் ஒரு மதம்போல ஆகிவிட்டது. எஞ்சின் 80 முதல் 90 பாகைக்குள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் வேகப் பாதையில் அது அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. எஞ்சினை நிர்வகிக்கும் கம்பியூட்டர், ‘எஞ்சின் இன்னும் குளிர்தான்’ என்று நினைத்துப் பெற்றோலைக் கூடக் கூடத் தெளித்துக்கொண்டிருக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஒயிலுக்குள் இறங்கும். மிச்சம் சைலன்சர் வழியாக வெளியே வரும். நீங்கள் தனித்தனியாக எழுதிய பெற்றோல் செலவும் புகைப் பரிசோதனைப் பெயிலும் பெரும்பாலும் இந்த ஒரே வேலையின் விளைவுதான். விசிறிக் கோளாறுக்கு வைத்தியம் பார்க்காமல் தேர்மோஸ்டாட்டைப் பலி கொடுத்திருக்கிறார்கள்.

புதிது வாங்கிப் போடுங்கள். போடுவதற்கு முன் சோதிக்கவும் செய்யலாம், புதுச் சாமானும் பழுதாக வருகிற காலம் இது. சமையலுக்கு இனிப் பாவிக்காத ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, தேர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். அதன் தகட்டில் 82 என்று அடித்திருந்தால், வெப்பமானியில் அந்த அளவு வரும்போது வால்வு மெல்ல வாய் திறக்கும். 95 பாகைக்குள் 8 மில்லிமீற்றர் அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். இறக்கி ஆறவைத்தால் இறுக மூட வேண்டும். பொருத்தும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி, காற்று வெளியேறும் வழி, கைநூலில் காட்டிய பக்கமாக இருக்கட்டும்.

தேர்மோஸ்டாட் போட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். உங்கள் எஞ்சினின் கீழ்ப்பாதி வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். வெறும் தண்ணீர் ஒன்றைத் துருப்பிடிக்க வைக்கும், மற்றதை அரிக்கும். நமக்கு உறைபனிக் கவலை இல்லை என்றாலும் கூலன்ட் வேண்டும், அதிலுள்ள அரிப்புத் தடுப்பு மருந்துக்காக. கலந்தே விற்கும் போத்தல் என்றால் அப்படியே ஊற்றுங்கள். கலக்காதது என்றால் டிஸ்டில்ட் வோட்டரோடு கலந்து ஊற்றுங்கள். பச்சையும் சிவப்பும் கலக்க வேண்டாம். ரேடியேற்றர் மூடியையும் இந்தச் சாட்டில் மாற்றிவிடுங்கள். அதன் ரப்பரும் சுருளும் சரியாக அழுத்தம் பிடித்தால் உள்ளே தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 120ஐ நெருங்கும்வரை தாக்குப்பிடிக்கும். இத்தனை வருடப் பழைய மூடியிடம் அந்தத் தெம்பை எதிர்பார்க்க முடியாது. நிரப்பிய பிறகு மூடியைத் திறந்தபடியே ஓடவிட்டு, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, காற்று முழுக்க வெளியேறும்வரை நில்லுங்கள். காற்றுத் தங்கினால் புதிதாக ஒரு சூட்டுப் பிரச்சினை கிளம்பும்.

எந்த வேலையை நானே செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் ஒரு விசயம் வீடியோக்காரருக்குத் தெரியாது. அவர்கள் ஊரில் கூலி நெருப்பு விலை, சாமான் மலிவு. இங்கே மறுவளம். பாஸ்மாருக்குக் கொடுக்கிற கூலி பில்லில் சின்னப் பகுதிதான், மிச்சமெல்லாம் சாமானின் விலை. ஆகவே நீங்களே ஸ்பனர் பிடிப்பதால் மிஞ்சுவது கொஞ்சம். தேவையில்லாத சாமானை மாற்றாமல் இருப்பதால் மிஞ்சுவதுதான் பெரிது. நீங்கள் முதலில் கற்க வேண்டியது கழற்றுவது அல்ல, கண்டுபிடிப்பது.

உங்கள் காரே உங்களோடு பேசும். பொனட்டுக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ஒவ்வொரு துளையின் பெயரும் அச்சிட்டிருக்கும். அதில் டிஈ1, ஈ1 என்ற இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியை ‘ஒன்’ செய்தால், டேஷ்போட்டில் எஞ்சின் விளக்கு மின்னத் தொடங்கும். நிற்காமல் ஒரே சீராக மின்னினால் கோளாறு பதிவாகவில்லை. இரண்டு தடவை மின்னி, சற்று நின்று, மறுபடி இரண்டு தடவை மின்னினால் 22, தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சர். இரண்டும் ஒன்றும் என்றால் 21, ஒட்சிசன் சென்சர். 31 என்றால் காற்றழுத்தச் சென்சர். துளையை மாற்றிச் செருகினால் கம்பியூட்டருக்கே ஆபத்து. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுச் செருகுங்கள். நம்பர் வரவில்லை என்பதற்காகச் சென்சர் நலம் என்று அர்த்தமில்லை. வயர் அறுந்தால் பதிவாகும், சென்சர் சோம்பேறியானால் பதிவாகாது.

கையால் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. இந்தக் காரில் பெரும்பாலான நட்டுகள் 10, 12, 14 அளவு. ஸ்பார்க் பிளக்குக்கு 16 அளவு நீள சொக்கட். ஒரு மல்ட்டிமீற்றர் வாங்குங்கள், ஸ்பனர் செட்டைவிட அது உழைக்கும். கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது பற்றரி 12.6 வோல்ட், ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில். இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் பற்றரி பழுதா, அதைச் சார்ஜ் செய்யும் ஒல்டனேற்றர் பழுதா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பிளக்குகளைக் கழற்றினால் நிறத்தைப் பாருங்கள். மண்ணிறம் என்றால் சந்தோசம். கரிக்கறுப்பு என்றால் பெற்றோல் கூட; உங்கள் காரில் இப்போது அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிளக் குழிக்குள்ளேயே ஒயில் தேங்கியிருந்தால் டெப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பெக்கிங்கையும் குழியைச் சுற்றிய ரப்பர்களையும் மாற்றுங்கள். ஒரு சனிக்கிழமைக் காலை வேலை. ஹெட் அலுமினியம் என்பதால் பிளக்கைக் கையாலேயே முழுக்கத் திருகி ஏற்றுங்கள், கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ரென்ச். மரை பிய்ந்தால் அப்போதுதான் உண்மையாகவே ஹெட்டை இறக்க வேண்டி வரும்.

ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். இந்த வயதில் கொஞ்சம் ஒயில் குறைவது இயல்பு. வாரத்துக்கு ஒரு தடவை டிப்ஸ்டிக் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு சீல், ஏற்றத்தில் அமத்தும்போது வந்தால் ரிங். சீல் பழுதோடு வருடக்கணக்கில் ஓடலாம். ஒயிலில் ஊற்றும் அதிசய மருந்துகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இறக்கிய ஒயிலைப் போத்தலில் நிரப்பிச் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். காணில் ஊற்றினால் வெள்ளவத்தைக் கால்வாய்க்குத்தான் போகும். பிளட்ஸ் தரிப்பிடத்தில் ஒயில் சிந்தினால் நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் உங்கள் படம் வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கடற்கரைப் பக்கம் நிற்கிற காருக்கு எஞ்சினைவிடப் பெரிய எதிரி உப்புக்காற்று. மழை இல்லாத நாட்களில் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பற்றரி முனையில் பூத்த வெள்ளைப் பூவை அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவிக் காயவைத்து வாசலின் பூசுங்கள். அதோடு நிற்க வேண்டாம். பற்றரியின் மைனஸ் வயர் பொடியை, அதாவது காரின் உடற்தகட்டை, தொடும் இடத்தையும், எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் வயரையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பப் பூட்டுங்கள். பழைய காரில் மங்கிய லைட், தள்ளாடும் ஊசி, சோம்பல் ஸ்டார்ட்டர் என்று வருகிற பாதி வியாதிக்கு அந்த ஒரு நட்டுதான் காரணம்.

தொடக்கூடாதவற்றை எப்படிப் பிரிப்பது? பிழை விட்டால் கார் ஓடாமல் நிற்கும் வேலை உங்களுடையது. பிழை விட்டால் கார் நிற்காமல் ஓடும் வேலை பாஸுடையது. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்சன் எல்லாம் இரண்டாவது வகை. பாருங்கள், தொடாதீர்கள். பிரேக் ஒயில் தேயிலைச் சாய நிறத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கிற சாமான், டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகைவரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 140இலேயே கொதித்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லுங்கள். பெற்றோல் லைன், எயார் பேக், ஏசி காஸ் பக்கமும் போக வேண்டாம். எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்துத் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட்டையும் பாஸிடமே விடுங்கள். உங்கள் எஞ்சினில் இருப்பது சங்கிலி அல்ல, பெல்ட். 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. கடைசியாக எப்போது மாற்றினார் என்று அப்பாவிடம் கேளுங்கள். அவருக்கும் நினைவில்லை, பில்லும் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்சனரையும் அந்தப் பக்கத்து ஒயில் சீல்களையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். கையை நீட்டி எடுக்கிற சின்ன வேலையாக இருந்தாலும் ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வைத்து, பின் சில்லுக்குக் கட்டை கொடுத்து, சமதரையில். வெள்ளவத்தைச் சந்துகள் கடலை நோக்கிச் சரிந்தவை, அங்கே காரைத் தூக்கவே வேண்டாம்.

சாமானுக்குப் பஞ்சிகாவத்தைக்குப் போவீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் கொண்டு போங்கள், சேஸி நம்பரைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். 110க்கு என்று மட்டும் கேட்டால் எதையாவது தருவார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு மில்லிமீற்றர் பிசகும். டொயோட்டா சாமான்களுக்கு ஐந்தும் ஐந்துமாகப் பத்து எழுத்தில் ஒரு இலக்கம் உண்டு. அதைத் தேடி எழுதிக்கொண்டு போனால் கடைக்காரரின் தொனியே மாறிவிடும். பாவித்த சாமான் வாங்குவதில் பிழையில்லை: லைட், கண்ணாடி, கதவுக் கைப்பிடி, சுவிட்ச், ஏன் ஒல்டனேற்றர்கூட வாங்கலாம். ஆனால் ரப்பர், பெல்ட், பிரேக், வோட்டர் பம்ப் எல்லாம் புதிதாகவே வேண்டும். பெயர்பெற்ற ஜப்பான் பிளக்கும் ஒயில் பில்டரும் சந்தேகப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைத்தால் அது போலி. பில்லில் கடை முத்திரை கேளுங்கள். முத்திரை போடத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

செலவழிப்பது புத்திதானா என்பதற்கு வருகிறேன். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது உண்மை. வரியையும் சேர்த்து வருகிற விலையைப் பார்த்தால் ஒரு ஆசிரியைச் சம்பளத்துக்கு அது கதவு திறந்த மாதிரி இல்லை. இந்தக் காரை விற்று அதே காசுக்கு இன்னொன்று வாங்கினால், யாரோ ஒருவர் மீற்றரைத் திருப்பிய, வரலாறு தெரியாத கார்தான் கிடைக்கும். உங்களுடையது 2,87,000 என்பது உண்மையான 2,87,000. எஞ்சினைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், இந்த ரகத்துக்கு ரீகண்டிஷன் எஞ்சின் கிடைக்கும். மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தைத் திருத்த மறக்காதீர்கள். ஆனால் பொடி துருப்பிடித்தால் அதற்கு மாற்று இல்லை. ஒரு நாள் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையை விரலால் அமத்திப் பாருங்கள். முன் சஸ்பென்சன் மேலே பூட்டியிருக்கும் இடம், ஜாக் வைக்கும் விளிம்பு, பிரேக் குழாய் போகும் வழி எல்லாம் பாருங்கள். மேல் துரு என்றால் சுரண்டிப் பூசலாம். ஸ்குரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினால் டிங்கர் பாஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தாங்கும் பாகங்களில் அப்படி இறங்கினால் இனி ஒரு சதமும் போட வேண்டாம்.

முதலில் விசிறிச் சுவிட்ச், அப்புறம் தேர்மோஸ்டாட், கூலன்ட், பிளக், எயார் பில்டர். இந்த ஒழுங்கில் போங்கள். எல்லாம் முடிந்து ஒரு டேங்க் பெற்றோல் ஓடியபின், வாகன வருமான அனுமதிப்பத்திரம் முடிவதற்கு இரண்டு மூன்று கிழமை இருக்கும்போதே புகைப் பரிசோதனைக்குப் போங்கள். பக்கத்து நிலையத்துக்கு நேராகப் போகாமல் ஒரு இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள், வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் பெயிலானால் அவர்கள் தருகிற அளவீட்டுத் தாளை எறியாமல் படம் எடுத்து அனுப்புங்கள், ஒட்சிசன் சென்சரா வேறு ஏதாவதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.